பக்கவிளைவு எப்போது மருந்தாகிறது?

அரிப்புக்காகக் கொடுத்த பழைய வகை அலர்ஜி மாத்திரையைப் போட்ட இரவுகளில் அப்பா நன்றாகத் தூங்குகிறார், வயது எழுபதைத் தாண்டிவிட்டது, அரிப்பு போன பிறகும் தூக்கத்துக்காக மட்டும் அதைத் தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ரத்தக்கொதிப்பு மாத்திரை முடி வளர்க்கும் மருந்தானது, வயாக்ரா வந்த கதை இரண்டையும் சொல்லி, "அங்கே பக்கவிளைவு மருந்தாகலாம் என்றால் இங்கே மட்டும் ஏன் கூடாது?" என்றும் கேட்கிறீர்கள். ஒரு பக்கவிளைவு எந்தக் கட்டத்தில் நம்பி எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்தாகிறது என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் மருந்தியல் கற்பிப்பவன். மருந்துகளின் பக்கவிளைவு பற்றி வரும் அறிக்கைகளைப் படித்து வகைப்படுத்துவதும் என் வேலையில் ஒரு பகுதி. நோயாளியை நேரில் பார்த்து மருந்து எழுதுபவன் அல்ல, உங்கள் அப்பாவைப் பரிசோதித்தவனும் அல்ல. அந்த எல்லையோடு படியுங்கள்.

அப்பா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்: நீங்களாகத் தொடர வேண்டாம். டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகள் ஹிஸ்டமின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கின்றன. தோலில் ஹிஸ்டமின் அரிப்பைக் கிளப்புகிறது. மூளையில் அதே பொருள் நம்மை விழிப்போடு வைத்திருக்கிறது. பழைய மருந்துகள் மூளைக்குள்ளும் புகுந்துவிடுவதால் அரிப்போடு விழிப்பும் அடங்குகிறது. இதுவரை உங்கள் கணிப்பு சரி. ஆனால் இவை அசிடைல்கோலின் என்ற இன்னொரு பொருளின் வேலையையும் கெடுக்கின்றன. வாய் உலர்வதும் மலச்சிக்கலும் அதனால்தான். வயதானவர்களுக்கு மனக்குழப்பம், இரவில் எழும்போது தடுமாறி விழுவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது என்று அது நீளும். புரோஸ்டேட் ஏற்கெனவே பெருத்திருக்கும் ஆண்களுக்கு இந்தச் சிறுநீர் அடைப்பு அவசர சிகிச்சை வரைக்கும் கொண்டுபோய்விடலாம். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று வெளியிடும் பட்டியலில் இவை பல காலமாக இருக்கின்றன.

இதெல்லாம் உறுதியானது. இன்னொரு விஷயமும் உண்டு: தூக்கம் தரும் விளைவு நிலைக்காது. ஐம்பது வயதுக்குள் இருந்த ஆரோக்கியமான ஆண்களுக்கு டைஃபென்ஹைட்ரமினைத் தொடர்ந்து கொடுத்துச் சோதித்தபோது, நான்காவது நாளில் அவர்களுடைய பகல்நேர மயக்கம் வெற்று மாத்திரை எடுத்தவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டது. அது பகலில், வயது குறைந்தவர்களிடம் அளந்தது, உங்கள் அப்பாவின் இரவுத் தூக்கத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாய் உலர்வதும் சிறுநீர்த் தொல்லையும் அதே வேகத்தில் மறையும் என்று நம்பி இருக்க முடியாது. இந்த வகை மருந்துகளை வருடக்கணக்கில் எடுத்தவர்களிடம் மறதி நோய் கூடுதலாகக் காணப்பட்டது என்றும் படித்திருப்பீர்கள். அந்தத் தொடர்பு சில பெரிய கண்காணிப்பு ஆய்வுகளில், அதாவது மருந்து எடுப்பவர்களைக் கவனித்து மட்டும் பார்க்கும் ஆய்வுகளில், தெரிந்தது உண்மை. மருந்துதான் காரணமா, மறதி நோயின் தொடக்கத்தில் வரும் தூக்கக் கோளாறுக்காகவே அவர்கள் மருந்தைத் தேடினார்களா என்பது தீரவில்லை. அதை வைத்து உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை, முதலில் சொன்ன காரணங்களே போதும்.

சரி, பெரிய கேள்விக்கு வருவோம். ஒரு மருந்து உடலுக்குள் போனால் நோய் இருக்கும் இடத்தைத் தேடிப் போவதில்லை. ரத்தம் போகும் இடமெல்லாம் போகிறது. அது பிடித்துக்கொள்ளும் புரதங்கள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் தன் வேலையைச் செய்கிறது. நமக்கு வேண்டிய இடத்தில் செய்தால் பலன் என்கிறோம், வேண்டாத இடத்தில் செய்தால் பக்கவிளைவு. இதைப் புரியவைக்க வகுப்பில் நான் எப்போதும் எடுப்பது, கணையத்தில் இருக்கும் ஒரு பொட்டாசிய வாயிலின் கதை. இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1942-இல் பிரான்சின் மோன்பெல்லியே நகரில் மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் டைஃபாய்டு நோயாளிகளுக்குக் கிருமிகளுக்கு எதிரான புதிய சல்ஃபா மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியது, வலிப்பு வந்தது, இறப்புகளும் நேர்ந்தன. டைஃபாய்டு மருந்தாகப் பார்த்தால் அது தோல்வி. அதே ஊரில் இருந்த ஓகுஸ்த் லூபாத்தியேர் என்ற ஆய்வாளர் இதை விடாமல் துருவினார். கணையம் இருக்கும் விலங்கில் மட்டும்தான் சர்க்கரை இறங்குகிறது, கணையத்தை எடுத்துவிட்டால் இறங்குவதில்லை என்று காட்டினார். அதாவது மருந்து கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிறது. அந்த வழியில் வந்தவைதான் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள். 1950-களின் நடுவில் தொடங்கி, கிளைபென்கிளமைடு, கிளிமெபிரைடு என்று இன்றும் கோடிக்கணக்கானோர் சர்க்கரை நோய்க்கு விழுங்குபவை.

எப்படி நடக்கிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெளிவானது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேற ஒரு வாயில் இருக்கிறது. அது மூடினால் செல் தூண்டப்பட்டு இன்சுலின் வெளிவரும், திறந்தே கிடந்தால் வராது. சல்ஃபோனைல்யூரியா அதை மூடுகிறது. இப்போது இன்னொரு மருந்தைப் பாருங்கள். டையசாக்சைடு என்பது ரத்தக்கொதிப்புக்காக வந்தது. ரத்தக்குழாய்த் தசையில் இருக்கும் இதே இன வாயிலைத் திறந்து குழாயைத் தளர்த்தும். கணையத்திலும் போய்த் திறந்துவிடும், அதனால் சர்க்கரை ஏறும். ரத்தக்கொதிப்புக்காரருக்கு இது தொல்லை. ஆனால் பிறவியிலேயே இன்சுலின் கட்டுப்பாடில்லாமல் சுரந்து, சர்க்கரை இறங்கி, மூளை பாதிக்கப்படும் நிலையில் இருக்கும் பச்சைக் குழந்தைக்கு அந்தத் தொல்லைதான் உயிர் காப்பது. இன்று டையசாக்சைடின் முக்கிய வேலையே அதுதான், ரத்தக்கொதிப்புக்கு அதை ஏறக்குறைய மறந்துவிட்டோம். ஒரே வாயில். ஒரு மருந்து மூடுகிறது, இன்னொன்று திறக்கிறது. இரண்டும் வேறு நோய்க்காக வந்து, இடைஞ்சல் செய்து, அந்த இடைஞ்சலுக்காகவே நிலைத்துவிட்டன. அப்புறம் ஒன்று: டையசாக்சைடு எடுக்கும் குழந்தைகளுக்கு உடம்பெங்கும் முடி அடர்ந்து வளரும். நீங்கள் சொன்ன மினாக்சிடிலும் பொட்டாசிய வாயிலைத் திறக்கும் மருந்துதான் என்பது இப்போது சுவாரசியமாக இருக்கிறதல்லவா.

மினாக்சிடில் மாத்திரை 1979-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதுவும் வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கடும் ரத்தக்கொதிப்புக்கு. உடம்பில் நீர் கோக்கும், இதயம் படபடக்கும் என்பதால் நீர் பிரியும் மாத்திரையோடும் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கரோடும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு முகத்திலும் கையிலும் முடி வளர்ந்தது. இங்கேதான் உங்கள் அப்பா கதைக்கும் இதற்கும் வித்தியாசம். வழுக்கை இருப்பவர்கள் மாத்திரையை விழுங்கட்டும் என்று யாரும் விட்டுவிடவில்லை. மருந்தைத் தலையில் தடவும் திரவமாக்கி, உடலுக்குள் மிகச் சிறு பங்கு மட்டுமே போகும்படி செய்து, வெற்றுத் திரவத்தோடு ஒப்பிட்டுச் சோதித்து, 1988-இல் 2 சதவீதக் கரைசலுக்கு அனுமதி வாங்கினார்கள். வேண்டிய விளைவை மட்டும் தனியே பிரித்தெடுக்க வழி கிடைத்தது என்பதுதான் விஷயம். இப்போது தோல் மருத்துவர்கள் சிலர் மாத்திரையையே மிகக் குறைந்த அளவில், 0.25 முதல் 5 மில்லிகிராம் வரை, முடிக்காகத் தருகிறார்கள். ரத்தக்கொதிப்புக்குத் தந்தது பொதுவாக 10 முதல் 40. அந்தப் பயன்பாட்டுக்கு முறையான அனுமதி இல்லை, மருத்துவர் தன் பொறுப்பில் கண்காணித்துத் தருவது. முடியின் வேரில் மினாக்சிடில் துல்லியமாக என்ன செய்கிறது என்பதில் இன்னும் முழு ஒருமித்த கருத்து கிடையாது. கண் அழுத்த நோய்க்கான பைமட்டோபிராஸ்ட் சொட்டு இமை முடியை நீளமாக்கியதும் இதே பாதைதான். 2008-இல் இமையோரத்தில் பூசும் மருந்தாகத் தனி அனுமதி பெற்றது. ஆனால் கண்ணின் மணியைச் சுற்றியுள்ள நிறவளையத்தை நிரந்தரமாகக் கருமையாக்கும் வாய்ப்பும் கூடவே உண்டு.

அளவைக் குறைத்தாலே பிரிந்துவிடும் விளைவுகளும் இருக்கின்றன. எரித்ரோமைசின் சாப்பிட்டு வயிற்றைப் பிசைந்தெடுத்த அனுபவம் பலருக்கு இருக்கும். கிருமியைக் கொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குடலை அசைக்கும் மோட்டிலின் என்ற ஹார்மோன் உட்காரும் இடத்தில் இந்த மருந்து போய் உட்கார்ந்துகொள்கிறது. சர்க்கரை நோயால் இரைப்பை அசைவு நின்று, சாப்பிட்டது அப்படியே தேங்கிக் கிடப்பவர்களுக்கு இதைக் குறைந்த அளவில் தந்து இரைப்பையைக் காலி செய்ய வைக்கிறார்கள். சில வாரங்களில் பலன் மங்கிவிடும் என்பது இதன் குறை.

வயாக்ரா கதையில் நகைச்சுவை அதிகம் சேர்ந்துவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சில்டெனாஃபில் இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரில் இருந்த ஃபைசர் ஆய்வகத்தில் நெஞ்சுவலிக்காக உருவானது. இதயத்துக்குப் பெரிய பலன் தெரியவில்லை. ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் பல நாள் கொடுத்துப் பார்த்தபோது ஆணுறுப்பு விறைப்பு ஒரு பக்கவிளைவாகப் பதிவானது. அந்தத் திசையில் தனியாகச் சோதனைகள் நடத்தி 1998-இல் அனுமதி வாங்கினார்கள். இந்த மருந்து தடுக்கும் என்சைம் நுரையீரல் ரத்தக்குழாய்களிலும் இருப்பதால் 2005-இல் நுரையீரல் ரத்த அழுத்த நோய்க்கும் அனுமதி வந்தது. இதில் உங்களுக்குப் பயன்படும் பகுதி வேறு: நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்குச் சரியும். நெஞ்சுவலிக்கென்று தொடங்கிய மருந்து, நெஞ்சுவலிக்கு மருந்து எடுப்பவர் தொடவே கூடாததாக முடிந்தது.

இந்த விளைவுகளை முதலில் யார் கவனிக்கிறார்கள்? பெரும்பாலும் நோயாளிதான். 1947-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தோல் தடிப்புக்காக ஒரு பெண்ணுக்குப் புதிய அலர்ஜி மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். டிராமில் ஏறினாலே குமட்டும் பழக்கம் தனக்கு இப்போது இல்லை என்று அவர் போகிற போக்கில் சொன்னார். லெஸ்லி கே, பால் கார்லைனர் என்ற இரு மருத்துவர்கள் அதைக் காதில் வாங்கி, அவருக்குத் தெரியாமல் வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். குமட்டல் திரும்பியது. அதோடு நிற்காமல் 1948 கடைசியில் அட்லாண்டிக்கைக் கடந்த ஒரு ராணுவக் கப்பலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களை வைத்துச் சோதித்தார்கள். பயணக் குமட்டலுக்கு இன்றும் தரும் டைமென்ஹைட்ரினேட் அப்படி வந்தது. அதன் பாதி, உங்கள் அப்பா வகை மாத்திரையான டைஃபென்ஹைட்ரமின்தான். 1968-இல் ஃப்ளூ வராமலிருக்க அமன்டடின் எடுத்த பார்க்கின்சன் நோயாளி ஒருவர், தன் நடுக்கமும் விறைப்பும் குறைந்ததாகவும் நிறுத்தியதும் திரும்பியதாகவும் சொன்னார். மருத்துவர் ராபர்ட் ஷ்வாப் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற நோயாளிகளிடம் சோதித்து மறு ஆண்டே வெளியிட்டார். நான் பார்க்கும் அறிக்கைப் படிவங்களில் வாந்தி, சொறி, மயக்கம் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. "இது எடுத்ததிலிருந்து வேறொரு தொந்தரவு போய்விட்டது" என்று எழுத ஒரு கட்டம் இல்லை. அப்படி நடந்தாலும் யாரும் படிவம் நிரப்பப் போவதில்லை, அது வேறு.

கவனிப்பது தொடக்கம்தான், அதற்கு மேல் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்பிரின். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் கிரேவன் என்ற குடும்ப மருத்துவர், டான்சில் அறுவைக்குப் பிறகு வலிக்காக ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம் மெல்பவர்களுக்கு ரத்தக்கசிவு அதிகமாக இருப்பதைப் பார்த்தார். ரத்தம் உறைவதைத் தடுக்கிறதென்றால் மாரடைப்பையும் தடுக்குமே என்று யோசித்தார். அபாரமான யோசனை. 1950-களில் தன் நோயாளிகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்து, சுமார் 8,000 பேரில் ஒருவருக்கும் மாரடைப்பு வரவில்லை என்று எழுதினார். ஆஸ்பிரின் எடுக்காத ஒப்பீட்டுக் குழு இல்லை. அவ்வளவு பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை என்பதே நம்பக் கடினமானது. மருத்துவ உலகம் கண்டுகொள்ளவில்லை. கிரேவன் 1957-இல் மாரடைப்பில்தான் இறந்தார். யோசனை சரி என்பது நிரூபணமாக 1988 வரை ஆனது. மாரடைப்பு வந்ததாகக் கருதப்பட்ட 17,187 பேரிடம் நடந்த ஐசிஸ்-2 என்ற ஆய்வில், ஒரு மாதம் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் இதய, ரத்தக்குழாய் சார்ந்த இறப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ரத்தம் உறைய உதவும் தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. ஆஸ்பிரின் அதன் என்சைமை ஒருமுறை முடக்கிவிட்டால் புதிதாகச் செய்துகொள்ள வழியில்லை, அது சாகும் வரை ஏழு முதல் பத்து நாள் முடங்கியே இருக்கும். அதனால்தான் தலைவலிக்கு வேண்டிய அளவில் கால்வாசி இதற்குப் போதுமானதாக இருக்கிறது.

ஆனால் கதை அங்கேயும் முடியவில்லை. மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்களும் முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரின் போடும் பழக்கம் பரவியது. 2018-இல் ஆரோக்கியமான முதியவர்களிடம் நடத்திய ஆஸ்ப்ரீ என்ற பெரிய ஆய்வு வெளிவந்தது. இதயத்துக்குச் சொல்லத்தக்க பலன் இல்லை, ரத்தக்கசிவு கூடியது. ஒரே மருந்து, ஒரே செயல். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு நன்மை, வராத எழுபது வயதுக்காரருக்கு நஷ்டம். இதைப் படித்துவிட்டு மருத்துவர் சொல்லி எடுத்துவரும் ஆஸ்பிரினை யாரும் நிறுத்திவிட வேண்டாம், அது வேறு கணக்கு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் மாத்திரைகளும் இதயத்தைக் காக்கும் என்று கண்காணிப்பு ஆய்வுகளை வைத்து நீண்ட காலம் நம்பினார்கள். 2002-இல் முறையான ஒப்பீட்டு ஆய்வு, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையில் மாரடைப்பும் மார்பகப் புற்றும் கூடுவதைக் காட்டியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. எதிர்பாராமல் நல்லது நடப்பதாகத் தோன்றும் இடத்தில்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

பலனையும் தீங்கையும் பிரிக்கவே முடியாத மருந்தும் உண்டு. தாலிடோமைடு 1957-இல் ஜெர்மனியில் தூக்கத்துக்கும் குமட்டலுக்கும் விற்பனைக்கு வந்து, பல நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் வளராமல் பிறக்கக் காரணமாகி, 1961-இல் திரும்பப் பெறப்பட்டது. 1964-இல் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், தொழுநோயில் வரும் ஒரு கடுமையான அழற்சியால் வலி தாங்காமல் தூங்க முடியாதிருந்த நோயாளிக்கு மிச்சமிருந்த தாலிடோமைடைத் தூக்கத்துக்காகக் கொடுத்தார். தூக்கம் வந்தது, கூடவே ஓரிரு நாளில் புண்கள் ஆறத் தொடங்கின. 1998-இல் அந்த அழற்சிக்கும் 2006-இல் எலும்பு மஜ்ஜைப் புற்றுக்கும் அமெரிக்கா அனுமதி தந்தது. 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இது செரிப்ளான் என்ற புரதத்தைப் பிடிப்பதைக் கண்டார்கள். தேவையில்லாத புரதங்களை அழிக்கக் குறியிடும் வேலையில் செரிப்ளானுக்குப் பங்கு உண்டு. தாலிடோமைடு ஒட்டிக்கொண்டால் அது வேறு புரதங்களைக் குறிவைக்கத் தொடங்குகிறது. புற்றுச் செல்லில் அது வாழத் தேவையான புரதங்கள் போகின்றன. கருவில் கைகால் உருவாகத் தேவையான புரதம் போகிறது. அளவைக் குறைப்பதோ வெளியே தடவுவதோ இங்கே உதவாது. அதனால் கர்ப்பப் பரிசோதனை, கட்டாயக் கருத்தடை, பதிவேடு என்று மருந்தைச் சுற்றி வேலி போட்டுத்தான் தருகிறார்கள்.

பக்கவிளைவைப் பயன்படுத்திக்கொள்வதே தப்பு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். மருத்துவர்கள் அன்றாடம் செய்வதுதான் அது, ஆனால் செய்யும் விதம் வேறு. மனச்சோர்வோடு தூக்கமும் பசியும் போய் எடை இறங்கும் ஒருவருக்கு, தூக்கத்தையும் பசியையும் கூட்டும் மிர்ட்டாசபினைத் தேர்ந்தெடுப்பார்கள். அதே மனச்சோர்வோடு உடல் பருமனும் இருப்பவருக்கு அதைத் தவிர்ப்பார்கள். ரத்தக்கொதிப்போடு ஒற்றைத் தலைவலியும் இருந்தால் புரோபிரனலால் என்ற மருந்து ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆஸ்துமாவும் இருந்தால் அந்தக் கல்லையே கையில் எடுக்கக் கூடாது. இந்தத் தேர்வுக்கு ஒருவருடைய எல்லா நோயும் எல்லா மருந்தும் ஒரே இடத்தில் தெரிய வேண்டும். ஆகவே அப்பாவை அழைத்துப்போகும்போது அவர் விழுங்கும் அத்தனை மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துப்போங்கள், கடையில் நேரடியாக வாங்கியதையும் சேர்த்து. இரவில் எத்தனை முறை சிறுநீருக்கு எழுகிறார், பகலில் எவ்வளவு நேரம் தூங்குகிறார், தூக்கம் கெட்டது எப்போதிலிருந்து என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். நீர் பிரியும் மாத்திரையை மாலையில் எடுப்பதால் மட்டுமே தூக்கம் கெட்டு, அதைக் காலைக்கு மாற்றியதும் சரியான முதியவர்கள் நிறையப் பேர் உண்டு.